நியாலுவே மாவட்டத்தின் முதல் தகனம்

சாவதற்கும் ஒரு நேரங்காலம் பார்க்க வேண்டும். ஸாப்லோன் ஓவிட்டிக்கு அந்த விவரம் போதாது. நியாலுவே மாவட்ட அரசு புதிதாகத் தகன மண்டபம் கட்டி, வாசலில் ரிப்பனும் கட்டி, எரிக்க ஆள் கிடைக்காமல் நான்கு மாதமாக விழித்துக்கொண்டிருந்த சமயமாகப் பார்த்து அவர் செத்துப்போனார்.

ஆள் கிடைக்காததில் ஆச்சரியமில்லை. ஏரிக்கரை லுவோ ஜனங்கள் நைரோபியில் செத்தாலும் லண்டனில் செத்தாலும் பெட்டியில் ஊர் வந்து, சொந்த வீட்டு வாசலில் மண்ணுக்குள் போனால்தான் அது சாவு. எரிப்பதெல்லாம் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர்கள் சமாசாரம். ஓவிட்டி மட்டும் வேறு மாதிரி. சர்க்கரை ஆலையில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏரி ஏறி வந்தபோது அவருடைய அம்மாவின் கல்லறை தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது அதன் மேல் படகு ஓடுகிறது, ஆட்கள் வலை போடுகிறார்கள். அன்றிலிருந்து அவர் மீன் சாப்பிடவில்லை.

சாகக் கிடந்தபோது மனைவி மில்கா அவினோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய அந்தச் சேத்துல போட்றாத. நெருப்பு எனக்குப் பழகுனது. ஆனா ஒண்ணு, தீ வைக்கையில நீ பக்கத்துல நிக்கணும். சாம்பலாகுற வரைக்கும் நகரக் கூடாது. நான் ஒருநாளாவது பாய்லர விட்டுட்டு நகந்திருக்கனா?"

"நிக்கிறேன். பேசாமப் படுங்க," என்றாள் மில்கா.

பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு அவர், அவருக்கு அவள். புருஷன் எரியும்போது பெண்டாட்டி பக்கத்தில் நிற்க வேண்டும், இவ்வளவுதான் விஷயம். இதைத் தடுக்க ஒரு இயக்ககமே தேவைப்பட்டது.

அதன் பெயர் கண்ணியப் பிரியாவிடை இயக்ககம். இயக்குனர் டாக்டர் தியோபிலஸ் அமோலோ, மீன் பதப்படுத்துவதில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். மில்காவைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். நான்கு மாதத்தில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்த முதல் ஜீவன் அவள்தான்.

"வாங்கம்மா, வாங்க. நீங்க குடுத்துவெச்சவங்க. நாங்க பதினோரு பேரு ஏழு நாடு சுத்தி, ஜனங்க எப்படி விடை சொல்றாங்கன்னு பாத்துட்டு வந்திருக்கோம். ஜப்பான்ல எரிச்ச எலும்பைக் குச்சியால எடுக்குறாங்க. சுவிட்சர்லாந்துல மலை மேல நின்னு தூவுறாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரே குறை, மேற்பார்வை கிடையாது. அவங்கவங்க இஷ்டத்துக்கு அழுதுட்டுப் போறாங்க. நம்ம மாவட்டத்துல அப்படி விட மாட்டோம்."

நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் கொடுத்தார். 'இறந்தவர் இச்சேவையை இதற்கு முன் பயன்படுத்தியுள்ளாரா?' என்பது ஆறாவது கேள்வி. கூடவே அழுகைத் திட்டம் ஒன்று இணைக்க வேண்டும்: எத்தனை பேர், எந்த நேரத்தில், மைக் தேவையா. மில்கா, 'ஒருத்தி, மைக் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாள்.

படிவத்துக்குப் பின்னால் பயிற்சி வகுப்பு. பிரியாவிடை சொல்லத் தெரியாதவர்கள் மண்டபத்துக்குள் நுழைய முடியாது. வகுப்பறையின் நடுவில் ஒரு மேசை, மேசை மேல் ஐம்பது கிலோ சோளமாவு மூட்டை, மூட்டைக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

"இத உங்க வீட்டுக்காரர்னு நெனச்சுக்கிட்டு விடை சொல்லுங்க," என்றார் அமோலோ.

மில்கா மூட்டையைப் பார்த்தாள்.

"ஐயா, அவரு பிணவறையில ஐஸுக்குள்ள கெடக்காரு. அவரையே பாத்துச் சொல்லிட்டுப் போயிடுறனே."

"அது கடைசிப் பரீட்சைம்மா. மொதல்ல இதுல பாஸ் பண்ணணும்."

அவள் மாவுக்கு விடை சொன்னாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. 'உணர்ச்சி போதாது' என்று எழுதி ஃபெயிலாக்கி, மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாளும் அதே மூட்டை. இரண்டு மைல் நடந்து வந்த கால் வலி, காலையில் ஒன்றும் சாப்பிடாத வயிறு, தன் தலையெழுத்து எல்லாம் சேர்ந்து அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அமோலோ கடிகாரத்தைப் பார்த்து நிமிஷக் கணக்கு எடுத்தார். சான்றிதழில் 'சராசரி' என்று போட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் ஓவிட்டியின் அண்ணன் எஸ்ரா ஒகுத்து வந்து சேர்ந்தார். தனியாக வரவில்லை. பங்காளிகள் பதினான்கு பேரை ஒரு வேனில் அடைத்துக்கொண்டு வந்து, இயக்கக வாசலில் குத்தவைத்துவிட்டார்.

"எரிச்சுட்டா எங்க வீட்டு வாசல்ல என்ன இருக்கும்? புல்லுதான் இருக்கும். நாளைக்கு என் பேரன் 'இங்க யாரு படுத்திருக்கா'ன்னு கேட்டா, நான் புல்லையா காட்ட? ஏ மில்கா, உனக்குத்தான் புத்தி இல்ல, என் தம்பிக்குமா இல்லாமப் போச்சு?"

"அவரு சொன்னதத்தான் மாமா செய்றேன்."

"செத்தவன் சொல்றதுக்கு என்ன? உயிரோட இருக்குற நாங்கதான ஊர்ல தலகாட்டணும்."

அமோலோ ஏழு நாடு பார்த்தவர், அசருவாரா? ஒகுத்துவை உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்.

"பெரியவரே, ஏரிக்குள்ள போன ஆளோட உடம்பு கெடைக்கலன்னா நம்ம ஜனம் என்ன செய்வோம்?"

"என்ன செய்வோம், யாகோ பழத்த அறுத்தாந்து, பெட்டியில வெச்சு, ஆளுக்குப் பதிலாப் புதைப்போம்."

"அதேதான். அவரு தண்ணியில போனாரு, இவரு நெருப்புல போறாரு. ரெண்டு பேருமே கெடைக்க மாட்டாங்க. நீங்க பழத்தப் புதைச்சுக்கங்க."

ஒகுத்து டீயை ஊதி ஊதிக் குடித்தார். யாகோ பழம் என்றால் சாமானியப் பழமில்லை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சுரைக்காய் மாதிரி, ஒரு முழத்துக்கு மேல் நீளம், தலையில் விழுந்தால் ஆள் காலி. அப்படிப்பட்ட பழம் தம்பிக்குப் பதிலாகப் படுப்பதில் மரியாதைக் குறைச்சல் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

"மாடு வெட்டலாமா?"

"தாராளமா."

"அப்ப சரி. ஆனா ஊரே பாக்கும். பழத்துக்கு நல்ல பெட்டி வேணும், ஆள் நீளத்துக்கு, பித்தளைப் பிடி வெச்சது. எரியப் போறவனுக்கு எதுக்கு அதெல்லாம்? அவனுக்குப் பலகைப் பெட்டி போதும்."

அமோலோ இதையும் ஃபைலில் ஏற்றினார்: பழத்துக்குத் தேக்குப் பெட்டி, ஓவிட்டிக்குப் பலகைப் பெட்டி. இரண்டையும் சனிக்கிழமை காலை பிணவறையிலேயே மூடி, இயக்ககத்தின் அரக்கு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும்; அதற்குப் பிறகு கவர்னரே கேட்டாலும் திறக்கக் கூடாது.

தகனம் சனிக்கிழமை பத்து மணிக்கு. கவர்னருக்கு அன்றைக்குத்தான் ஒழிந்தது. பழத்தின் அடக்கமும் அதே சனிக்கிழமை, அதே பத்து மணிக்கு. மாட்டுக்கு அன்றைக்குத்தான் ஒழிந்தது. வழக்கப்படி விதவை இருக்க வேண்டிய இடம் குழியோரம்.

"அப்ப அவருக்குத் தீ வைக்கையில பக்கத்துல யாரு நிப்பா?" என்று கேட்டாள் மில்கா.

"கவலையே படாதீங்க. எங்க ஆபீஸ்ல எந்த இடமும் காலியா இருக்கக் கூடாது. இயக்குனர் லீவுல போனா பொறுப்பு இயக்குனர் இருக்காரு. விதவை வர முடியலன்னா பொறுப்பு விதவை. தபால் பிரிவு ஃப்ளோரன்ஸுக்குக் கூடுதல் பொறுப்பாக் குடுத்து ஆர்டர் போட்டாச்சு. நல்லா அழுவாங்க. பயிற்சியில முதல் வகுப்பு."

"நானே வரேனே ஐயா. என் புருசன்தானே."

"இருக்கலாம்மா. ஆனா ஆர்டர் போட்டாச்சே."

சனிக்கிழமை காலை ஓவிட்டி வீட்டு வாசலில், வெட்டிய குழிக்குப் பக்கத்தில் மில்காவைக் கறுப்பு உடுப்பில் உட்கார வைத்தார்கள். ஒன்பதரைக்குப் பழத்தை ஏற்றிய வண்டி முன்னால் பாட்டுக்குழு நடக்க வந்து நின்றது. அந்தச் சந்தடியில் அவள் கொல்லைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து, வேலியைத் தாண்டி, ரோட்டில் ஒரு வாடகை மோட்டார் சைக்கிளை மறித்து ஏறினாள். ஐம்பத்தெட்டு வயதில் வேலி தாண்டியது அவளுக்கே ஆச்சரியம்தான்.

தகன மண்டப வாசலில் காவலாளி பாஸ் கேட்டான்.

"நான் விதவைப்பா."

"விதவை வந்து உக்காந்தாச்சும்மா. முன் வரிசையில பாருங்க."

பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் புது கறுப்பு உடுப்பும் வலைத் தொப்பியுமாக, கவர்னருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கடைசியில் 'பொதுமக்கள்' என்று எழுதிய வரிசையில் மில்காவை உட்கார விட்டார்கள். பொதுமக்களில் அவள் ஒருத்திதான்.

பெட்டியை வெள்ளைக் கையுறை போட்ட ஆறு பேர் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் அது தோளைத் தாண்டி மேலே போய்விட்டது. அமோலோ மைக்கைப் பிடித்தார்: "நோய் அந்த மனிதரை எப்படி உருக்கிவிட்டது என்று பாருங்கள்." எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மில்கா ஆமென்று தலையாட்டினாள். கடைசி வாரத்தில் அவர் கஞ்சிகூடக் குடிக்கவில்லை என்பது அவளுக்குத்தானே தெரியும்.

கவர்னர் எழுந்தார்.

"அனைத்து மரபுகளையும் முன்னிட்டுப் பேசுகிறேன். இன்று நான் ஓவிட்டியை எரிக்கவில்லை. இந்த மாவட்டத்தின் பின்தங்கிய நிலையை எரிக்கிறேன். ஓவிட்டி யார் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் என் அரசை நம்பினார், செத்தார். மற்றவர்களும் தயக்கத்தை விட்டு முன்வர வேண்டும். என் பதவிக்காலம் முடிவதற்குள் வீட்டுக்கு ஒரு தகனம் என்பதே நம் இலக்கு."

கைதட்டல் ஓய்ந்ததும் பொத்தானை அழுத்தினார். நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது இனமாக இருந்தபடி ஃப்ளோரன்ஸ் மயங்கி விழுந்தாள். பத்தாவது இனம் சாப்பாடு. மண்டபம் காலியாயிற்று.

அதன் பிறகுதான் மில்கா முன்னால் போனாள். உலைக்குப் பக்கவாட்டில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே தீ மட்டும்தான் தெரிந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவருடைய சம்பள நாள் சட்டையைத் தேய்க்கும்போது சுட்டுவிட்டு, எலி கடித்ததென்று புளுகியதைச் சொன்னாள். பிள்ளை இல்லாததற்கு அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசாததைச் சொன்னாள். அவர் குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொன்னாள். கடைசியில், "நின்னுட்டேன் பாத்தீங்களா," என்றாள்.

நாற்பது நிமிஷத்தில் மெஷின் நின்றது.

"அவ்வளவுதானா தம்பி? ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க."

"வெளிநாட்டு மெஷின்மா," என்றான் இயக்குபவன். கவர்னர் சிரித்தபடி இருக்கும் படம் அச்சடித்த ஜாடியில், இரண்டு கைப்பிடிச் சாம்பலைப் போட்டுக் கொடுத்தார்கள்.

அவள் வீடு திரும்பியபோது ஒகுத்து திட்டுவாரென்று பயந்தாள். அவருக்கு அதற்கு நேரமில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எட்டுப் பேரு தூக்குனோம்யா. ஒருத்தனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. பழம் என்ன கனம்ங்குற. முன்னோருங்க ஏறி உக்காந்திருக்காங்க, வேற என்ன."

புதன்கிழமை துக்கம் விசாரிக்கப் பிணவறைக் காவலர் ஒடேரா வந்தார். கையில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் ரொட்டியும். இருபது வருஷமாகப் பிணங்களைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவர், அதிகம் பேசாத மனுஷன். மில்கா டீ ஆற்றிக் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர நல்லபடியா அனுப்பி வெச்சேம்மா. சட்டைக்குப் பொத்தான் போட்டு, தல சீவி. ஆபீஸ்ல இருந்து ஒரு சீட்டு வந்துச்சு, பழத்துக்குத் தேக்குப் பெட்டி, மனுசனுக்குப் பலகைப் பெட்டின்னு. டைப் அடிச்சவன் தூக்கத்துல மாத்தி அடிச்சுட்டான் போலன்னு நானே திருத்திக்கிட்டேன். எந்தப் பைத்தியக்காரனாவது பழத்தத் தேக்குல வெச்சு, மனுசனப் பலகையில வெப்பானா? மனுசனத்தான் நல்ல பெட்டியில வெச்சேன். சரிதானேம்மா?"

அந்த முழு ஏற்பாட்டிலும் புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். தப்பு நடந்ததும் அங்கே மட்டும்தான்.

மில்கா வாசலைப் பார்த்தாள். புது மண்மேட்டில் ஒகுத்து சிலுவை நட்டிருந்தார். ஏரி அங்கிருந்து இருநூறு அடிகூட இல்லை. அடுப்புக்கு மேல் ஜாடியிலிருந்து கவர்னர் சிரித்துக்கொண்டிருந்தார். தான் சொன்னதெல்லாம் ஒரு பழத்துக்குச் சொன்னது என்று புரிய அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. புரிந்ததும் ஜாடியைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தாள்.

மறுநாள் இயக்ககத்துக்குப் போனவளை அமோலோ உட்காரச் சொல்லவில்லை.

"ஓவிட்டி எரிஞ்சாச்சும்மா. கவர்னர் கையால எரிஞ்சிருக்காரு. சான்றிதழ் உங்க கையில இருக்கு. ஒரே ஆள ரெண்டு தடவ எரிக்க விதியில எடமில்ல."

"எரிஞ்சது பழம் ஐயா."

"யோசிச்சுப் பேசுங்க. எரிஞ்சது பழம்னா கவர்னர் ஒரு பழத்துக்கு முன்னாடி இருபது நிமிசம் பேசியிருக்காருன்னு ஆகுது. கவர்னர் அப்படிச் செய்ய மாட்டாரு. அதனால அப்படி நடக்கல."

"அப்ப வாசல்ல பொதைச்சிருக்கே, அது யாரு?"

"ஃபைல்படி பழம். பழம் எங்க துறை இல்ல. விவசாயத் துறை ரெண்டாவது மாடி."

அவர் விரட்டத்தான் சொன்னார். அவள் இரண்டாவது மாடிக்கே போனாள்.

விவசாய அதிகாரி பெனினா அவூர் முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. ஏரிக்கரையில ஒரு பழம் புதைஞ்சு அழுகுது, பழ ஈ பெருகும்னு எழுதிக் குடுங்க. தோண்டி எடுத்து எரிக்கணும்னு எனக்குச் சட்டம் இருக்கு. எரியையில உரிமையாளர் கூடவே நிக்கணும்னும் சட்டம் இருக்கு."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். ஆனா அழக் கூடாது. பழத்துக்கு யாரும் அழ மாட்டாங்க. மேல இருந்து பாக்க ஆள் அனுப்புவாங்க. நீங்க அழுதா அது பழமில்லன்னு ஆயிரும், ஃபைல் திரும்ப அமோலோகிட்ட போயிரும்."

தோண்டுகிற அன்று ஒகுத்து குழிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "மண்ணுதான் என் தம்பிய இழுத்துக்கிச்சு. தொட விட மாட்டேன்," என்றார்.

"உள்ள இருக்குறது உங்க தம்பியா?" என்று கேட்டாள் பெனினா.

"பின்ன யாரு?"

"அப்ப கவர்னர் எரிச்சது யாரு? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

போன வாரம்தான் ஒகுத்துவைத் தகன மண்டப ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். அவர் எழுந்தார். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பழம்தான்," என்றார்.

விவசாய அலுவலகத்தின் பின்புறம், பூஞ்சை பிடித்த சோளத்தைப் பறிமுதல் செய்து எரிக்கிற பள்ளம் ஒன்று உண்டு. தேக்குப் பெட்டியை அதில் இறக்கி, சோளச்சக்கையும் விறகும் அடுக்கி டீசல் ஊற்றினார்கள். கண்காணிக்க இயக்ககம் ஃப்ளோரன்ஸை அனுப்பியிருந்தது. அவள் குடையும் நோட்டுமாக உட்கார்ந்து, மில்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீ வைத்தபோது மணி பத்து. பதினொன்றுக்குப் பெட்டி உடைந்தது. காற்று திரும்பியபோது வேலையாட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மில்கா நின்றாள். ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. இந்த முறை அவருடைய பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. உதட்டைக் கடித்த கடியில் ரத்தம் வந்தது, அதை முழுங்கினாள். தான் தகன மண்டபத்தில் சொன்னதில் ஒரு வார்த்தையாவது இவருக்குக் கேட்டிருக்குமா என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு. ஃப்ளோரன்ஸ் இரண்டு தரம் பேனாவைத் திறந்தாள், இரண்டு தரமும் மூடினாள்.

நாலரைக்கு எல்லாம் அடங்கியது. விதிப்படி சாம்பல் துறைக்குச் சொந்தம். மண்வெட்டியால் அள்ளி, அலுவலகக் கீரைப் பாத்திக்கு உரமாகப் போட்டார்கள். மில்கா கேட்டுப் பார்த்தாள், ஒரு பிடிகூடக் கொடுக்க வழியில்லை.

பெனினா படிவத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். பொருள்: பழம். எண்ணிக்கை: ஒன்று. நிலை: அழுகியது. உரிமையாளர் உடனிருந்தாரா: இருந்தார். கடைசிக் கேள்விக்கு வந்ததும் படிவத்தை மடக்கப் போனாள். ஃப்ளோரன்ஸ் பக்கத்திலேயே நின்றதால் அதையும் வாசிக்கத்தான் வேண்டியிருந்தது.

"இதனால பாதிக்கப்பட்டவங்க யாராவது உண்டா அக்கா?"

"யாருமில்ல," என்றாள் மில்கா. "அப்படியே எழுதிக்கம்மா."